உஷார்! ஏலம் யப்பானில், காசு யாழ்ப்பாணத்தில்

வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கும். வெள்ளைத் தாளில் நுணுக்கமான யப்பானிய எழுத்து, மூலையில் 4.5 என்று ஓர் இலக்கம், கீழே ஒரு காரின் கோட்டுப்படம். கூடவே ஒரு குரல் பதிவும் வந்திருக்கும்: "அண்ணை, நாளைக்கு விடிய ஏலம். இண்டைக்கே அட்வான்ஸ் போட்டால் அடிச்சுத் தரலாம், விட்டால் வேற ஆள் கொண்டு போயிடும்." ரொறன்ரோவில் இருக்கும் மகன் காசு அனுப்பத் தயாராக இருக்கிறார். நீங்களும் வங்கிக்கு வெளிக்கிட்டு விட்டீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தாளை முதலில் எழுதியவர் யார், பிறகு அதில் கை வைத்தவர் யார் என்று கேட்டீர்களா?

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் அடக்கி வைத்த ஆசை எங்கள் பக்கத்தில் ஒரேயடியாக அவிழ்ந்தது. வாகனம் வந்து சேர முதலே தரகர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

யப்பானில் பழைய கார்கள் பெரும்பாலும் யு.எஸ்.எஸ். போன்ற பெரிய ஏல நிலையங்கள் வழியாகவே கைமாறுகின்றன. ஒரு கார் திரையில் வந்து விலை ஏறி முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. அங்கத்தவரான வியாபாரிகள் மட்டுமே அங்கே விலை கேட்கலாம். நல்லூரில் இருந்துகொண்டு நீங்களோ நானோ கேட்க முடியாது. இங்குள்ள தரகர், அங்குள்ள ஏற்றுமதியாளர் என்று நடுவில் குறைந்தது இரண்டு பேர் நிற்பார்கள். பாசையூரில் மீன் ஏலம் எடுக்கிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அமத்திப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். பல லட்சம் கொடுக்கும் உங்களுக்குக் கிடைப்பதோ ஒரு படம்.

அந்தத் தாளைத்தான் ஒக்சன் சீற் என்கிறார்கள். ஏல நிலையத்தின் சொந்தப் பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து எழுதுவது அது. காரைப் புகழ்ந்து எழுதுவதால் அவருக்கு ஒரு இலாபமும் இல்லை. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவார். கோட்டுப்படத்தில் A என்றால் கீறல், U என்றால் நெளிவு, W என்றால் தட்டி நிமிர்த்திப் பூசிய தடம், S என்றால் துரு, X என்றால் மாற்ற வேண்டிய பாகம், XX என்றால் ஏற்கனவே மாற்றிய பாகம். எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கம் கூடக் கூடக் காயம் பெரிது. மூலையில் இருக்கும் இலக்கம் காரின் தரம்; அது கூடினால் கார் நல்லது. அந்த இடத்தில் இலக்கத்துக்குப் பதிலாக R அல்லது RA இருந்தால், அந்தக் கார் அடிபட்டுத் திருத்தப்பட்டது. ஓடிய தூரத்தில் சந்தேகம் இருந்தால் அதையும் குறித்து வைப்பார்கள்.

இந்த முறையின் நல்ல பக்கம் இதுதான், அதை நான் மறுக்கவில்லை. உள்ளூரில் ஓடிய காரை விற்கிறவர் இப்படி ஒரு குறைப்பட்டியலைத் தன் கையால் எழுதித் தருவாரா? "ஒரு டொக்டர் வைச்சிருந்த வாகனம்" என்பதோடு கதையை முடித்துவிடுவார். அசல் தாள் கையில் இருந்தால் ஏலத்தில் எடுத்த கார் நல்ல வியாபாரம்தான்.

ஆனால் உங்கள் தொலைபேசிக்கு வருவது அசல் தாள் அல்ல, அதன் படம். படத்தில் 3.5ஐ 4.5 ஆக்குவது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரும் வேலை. 1,28,000 கிலோமீற்றரின் முன்னால் நிற்கும் ஒன்றை அழித்தால் 28,000. R போய்விட்டால் விபத்தும் போய்விடும். ஆகவே படத்தை நம்பாதீர்கள். செசி நம்பரைக் கேளுங்கள். அதைக் கொண்டு பழைய ஏலப் பதிவைத் தேடித் தரும் சேவைகள் இணையத்தில் உண்டு, சிறு கட்டணம்தான் எடுப்பார்கள். தரகர் காட்டும் இணைப்பில் போகாமல் நீங்களே தேடிப் போங்கள். யப்பானில் வழங்கும் ஏற்றுமதிச் சான்றிதழையும் கேளுங்கள். அங்கே நடந்த பரிசோதனையில் பதிவான ஓட்டத் தூரம் அதில் இருக்கும். தாளும் சான்றிதழும் முரண்பட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். செசி நம்பரைத் தர மறுக்கிறவரோடு மேலே கதைக்க ஒன்றுமே இல்லை.

"கார் வந்த பிறகு குறை தெரிந்தால் திருப்பலாம்தானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏல நிலையம் சில நாட்களுக்குள் வரும் முறைப்பாட்டைத்தான் எடுக்கும், அதுவும் அங்கத்தவரிடம் இருந்து மட்டும். கப்பல் அம்பாந்தோட்டையைத் தொடும்போது அந்தக் கதவு எப்போதோ சாத்தியாயிற்று.

காசு போகும் வழியும் முக்கியம். உங்கள் பெயரில் வங்கியில் எல்.சி. (நாணயக் கடிதம்) திறந்தால் தாளுக்குத் தாள் சாட்சி இருக்கும். "செலவு குறையும், உண்டியலில் போடுவம்" என்று தரகர் சொன்னால், நாளைக்கு நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்பதற்கே ஆதாரம் இருக்காது. ஏலத்தில் விழுந்த விலையை மட்டும் பார்த்தும் மயங்க வேண்டாம். கப்பல் கூலி, காப்புறுதி, சுங்க வரி, உற்பத்தி வரி, பெறுமதி சேர் வரி எல்லாம் ஏறிய பிறகு வரும் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

பேஸ்புக்கில் இன்னொரு வலை விரிந்திருக்கிறது. "சுங்கம் பிடித்த ஐபோன், மோட்டார் சைக்கிள், ஏல விலை" என்று விளம்பரம் வரும். உண்மையான சுங்க ஏலம் பகிரங்க அறிவித்தலோடு நடப்பது. தனி ஆள் ஒருவரின் கணக்குக்கோ ஈசி காஷுக்கோ முற்பணம் கேட்டால் அது சுங்கம் அல்ல. "உங்கள் பொதி வந்திருக்கு, கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திக்கு அட்டை இலக்கத்தைக் கொடுத்தவர்களும் இதே கிணற்றில் விழுந்தவர்கள்தான்.

சரி, விற்கிறவர் பக்கத்துக்கு வருவோம். இபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் 1995இல் அங்கே விற்ற முதல் பொருள் ஒரு பழுதான லேசர் பொயின்ரர். அது 14.83 டொலருக்குப் போனது. வாங்கியவர் பழுதான லேசர் பொயின்ரர்களைச் சேர்ப்பவராம்! எங்கள் ஊர்ப் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் நிறுத்து எடுக்கும் சாமானுக்கு, உலகில் எங்கோ ஒருவர் உருப்படிக் கணக்கில் விலை தருவார். பழைய சிலோன் முத்திரை, கிராமபோன் இசைத்தட்டு, கமரா எல்லாம் தாராளமாக விற்கலாம்.

ஆனால் கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ வந்த நாணயத்தில் கை வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்த செப்புக் காசுகள் இணைய ஏலங்களில் வெளிப்படையாகவே விலை போகின்றன. ஒல்லாந்தரின் வி.ஓ.சி. துட்டும் அப்படித்தான். அதைப் பார்த்து "எங்களிட்டையும் இருக்கே" என்று படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணில் கிடைத்த தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1988ஆம் ஆண்டின் பண்பாட்டு ஆதனச் சட்டம் வேறு இருக்கிறது. சந்தையில் வார்ப்புப் போலிகளும் உலாவுகின்றன. உங்கள் காசு அசல் என்றால் சட்டத்தில் மாட்டுவீர்கள், போலி என்றால் மோசடியில் மாட்டுவீர்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

விற்ற காசு கைக்கு வருவதும் லேசு அல்ல. பேபால் இலங்கையருக்கு நீண்ட காலமாகக் காசு கட்டும் வழியாக இருந்ததே தவிர, வாங்கும் வழியாக இருக்கவில்லை. உடனே எங்களுக்கு லண்டன் மருமகனின் கணக்கு ஞாபகத்துக்கு வரும். பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல், வருடத்தில் விற்பனை 30ஐ எட்டினாலோ வருமானம் 2,000 யூரோவுக்கு மேல் போனாலோ அந்த விபரத்தை இணையச் சந்தைகளே வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கின்றன. உங்கள் இசைத்தட்டுக்கு மருமகன் பதில் சொல்ல வேண்டி வரும். "காசு போட்டாச்சு" என்று மின்னஞ்சல் வந்தாலும், கணக்குக்குள் போய்ப் பார்க்காமல் பொதியை அனுப்ப வேண்டாம். தவறுதலாகக் கூடுதல் காசு போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்பு என்பவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

ஏற்கனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது 101 என்ற இலக்கத்தில் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு, பிறகு பொலிஸ். போகும்போது வட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, அந்த 4.5 போட்ட படம், வங்கிப் பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். ஊர் சிரிக்கும் என்ற வெட்கத்தில் பலர் முதல் வேலையாக அவற்றைத்தான் அழித்துவிடுகிறார்கள்.