தாய்வழி நோயைத் தடுக்கும் இரவல் முட்டை

பிரிட்டனின் நியூகாசில் நகரில் தானமாகப் பெற்ற முட்டையின் உதவியோடு 7 பெண்கள் 8 குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள் என்று 2025 ஜூலையில் மருத்துவர்கள் அறிவித்தார்கள். 'மூன்று பெற்றோரின் குழந்தைகள்' என்று செய்திகள் பறந்தன. அந்தப் பட்டம் விஷயத்தைத் திரித்துவிடுகிறது.

நம் மரபணுக்களில் ஏறத்தாழ 20,000 உயிரணுவின் உட்கருவில் இருக்கின்றன. உடலுக்கான ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக 37 உண்டு. இவை தாயிடமிருந்து மட்டுமே வருகின்றன. இவற்றில் பழுது இருந்தால் மூளை, இதயம், தசை என ஆற்றல் அதிகம் தேவைப்படும் உறுப்புகள்தான் முதலில் அடிபடும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பழுதால் நோய் வருகிறது. கடுமையான வகையில் பல குழந்தைகள் சில ஆண்டுகள்கூட உயிர் வாழ்வதில்லை.

பழுதான, நல்ல மைட்டோகாண்ட்ரியா இரண்டும் கலந்திருக்கும் பெண்ணுக்கு எளிய வழி ஒன்று உண்டு: ஆய்வகத்தில் உருவான கருக்களைச் சோதித்து, பழுது குறைந்ததைக் கருப்பையில் வைப்பது. எல்லா முட்டையிலும் பழுதே நிறைந்திருந்தால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

அத்தகைய பெண்களுக்காகத்தான் நியூகாசில் முறை. தாயின் முட்டை, தானமாக வந்த முட்டை இரண்டையும் தந்தையின் விந்தணுவால் கருவுறச் செய்கிறார்கள். பெற்றோரின் மரபணுக்கள் அடங்கிய முன்கருக்களைத் தாயின் முட்டையிலிருந்து எடுத்து, முன்கரு நீக்கப்பட்ட தானமுட்டைக்குள் வைக்கிறார்கள். முகச்சாயல், உயரம் எல்லாம் பெற்றோருடையவை. கொடையாளி தருவது அந்த 37 மட்டுமே. பிரிட்டன் சட்டமும் அவரைத் தாயாகக் கருதுவதில்லை. அங்கே 2015இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒழுங்குமுறை ஆணையம் தனித்தனியாக ஒப்புதல் தரவேண்டும். இந்த நிதானம் சரியானதே.

ஏனென்றால் இது ஆபத்தைக் குறைக்கும் வழி, முழு உத்தரவாதம் அல்ல. முன்கருவோடு தாயின் மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த 8 குழந்தைகளில் சிலரிடம் பழுது தென்படவே இல்லை. அதிகபட்சமாக ஒரு குழந்தையின் ரத்தத்தில் 16% வரை இருந்தது. நோயை உண்டாக்க பொதுவாக இதைவிட மிக அதிக அளவு வேண்டும். கிரீஸில், குழந்தையின்மைக்காக இதையொத்த முறையில் பிறந்த 6 குழந்தைகளில் ஒன்றிடம் தாயின் மைட்டோகாண்ட்ரியா 30 முதல் 60% வரை பெருகியிருந்தது. அந்தத் தாய்க்கு இந்நோய் இல்லாததால் கேடு நேரவில்லை.

தொடக்கத்தில் ஆண் கருக்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2016இல் பரிந்துரைத்ததற்கும் ஒட்டிவரும் தாயின் மைட்டோகாண்ட்ரியாவே காரணம். ஆண்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில்லை. நியூகாசிலில் பிறந்தவர்களில் 4 பேர் பெண் குழந்தைகள். அவர்கள் தாயாகும் காலம்வரை மருத்துவக் கண்காணிப்பு நீள வேண்டும்.