கணினிக்குள் ஒரு சேமிப்பகம்: வன்தட்டு யார் கையில்?

குடும்பப் படங்கள், திருமணக் காணொளிகள், பிள்ளைகளின் பள்ளி ஆவணங்கள். இவற்றை மாதக் கட்டண மேகச் சேமிப்பில் வைக்காமல், வீட்டிலேயே ஒரு கணினியில் வைத்து எல்லாருடைய திறன்பேசியிலிருந்தும் பார்க்கும் வசதிக்கு 'நாஸ்' என்று பெயர். பழைய கணினியில் 'ட்ரூநாஸ்' என்ற இலவச மென்பொருளை நிறுவியும் இதை அமைக்கலாம்.

அந்தக் கணினி பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். மின்கட்டணம் மட்டும் ஓடும். அதனால் 'ப்ராக்ஸ்மாக்ஸ்' போன்ற மென்பொருளைப் போட்டு, ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கி, அவற்றில் ஒன்றாக நாஸையும் வைக்கலாமே என்று தோன்றும். உத்தி புதிதன்று, ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு 1972லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

சிக்கல் வன்தட்டில் தொடங்குகிறது.

ட்ரூநாஸ் தரவைக் காக்க நம்பியிருப்பது 'இசட்எஃப்எஸ்' என்ற கோப்பு முறையை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது இது. எழுதும் ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளும். படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், இன்னொரு வன்தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு பழுதைத் திருத்திவிடும். அதற்கு அது வன்தட்டுடன் நேரடியாகப் பேச வேண்டும்.

மெய்நிகர் கணினிக்கு வழக்கமாகக் கிடைப்பதோ வன்தட்டுபோல் நடிக்கும் ஒரு கோப்பு. உண்மையான வன்தட்டின் வெப்பம், பழுதான பகுதிகள் எதுவும் உள்ளே தெரியாது. இப்படிப்பட்ட இரண்டு கோப்புகள் ஒரே வன்தட்டில் இருந்தால், இரட்டைப் பிரதி என்பது பெயருக்குத்தான். அதைவிட மோசம், இடையிலுள்ள அடுக்கு தரவைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டே "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லும்படி அமைந்திருப்பது. அந்த நொடியில் மின்சாரம் போனால், ஒரு படம் மட்டுமல்ல, மொத்தச் சேமிப்பகமும் திறக்காமல் போகலாம்.

வழி இருக்கிறது. வன்தட்டுகள் இணைந்துள்ள கட்டுப்பாட்டு அட்டையை அப்படியே நாஸ் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம். அதற்கு இன்டெலின் 'விடி-டி' அல்லது ஏஎம்டியின் அதற்கு நிகரான வசதி தாய்ப்பலகையில் இருக்க வேண்டும். ஒப்படைத்தபின் ப்ராக்ஸ்மாக்ஸ் அந்த வன்தட்டுகளைத் தொடவே கூடாது. இருவரும் ஒரே சேமிப்பகத்தில் எழுதினால் அது சிதைந்துவிடும். நினைவகத்திலும் குறைந்தது 8 ஜிபியை நாஸுக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். மற்ற மெய்நிகர் கணினிகளுடன் பகிர முடியாது.

நாஸ் தொடங்குவதற்கான கோப்பை அதன் சொந்த வன்தட்டுகளில் வைக்காதீர்கள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவியின் கதையாகிவிடும். நாஸ் முதலில் எழுந்து, அதை நம்பியிருக்கும் மற்ற கணினிகள் சிறிது நேரம் கழித்து எழும்படி வரிசையையும் அமைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத் தனி நாஸ் பெட்டியே நல்லது என்பேன். எப்படி வைத்தாலும், வேறொரு வீட்டில் இன்னொரு காப்புப் பிரதி தேவை. திருட்டுக்கும் தீக்கும் இசட்எஃப்எஸ் மருந்தாகாது.

அட்டையை ஒப்படைத்ததன் பலன், தாய்ப்பலகை பழுதாகும் நாளில் தெரியும். வன்தட்டுகளைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, ட்ரூநாஸை நிறுவினால் போதும். மெய்நிகர் அடுக்கு எதுவும் இல்லாமலே கோப்புகளைத் திறக்கலாம்.