உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள் ஒரு தபால்பெட்டி

கார்த்திகை தீபத்தன்று மாலை ஐந்தரைக்கு மேல் திருவண்ணாமலையில் செல்போனை நம்பி ஒரு காரியமும் ஆகாது. ஊர் கொள்ளாத கூட்டம், ஆளுக்கொரு போன், அத்தனையும் மலை உச்சியைப் பார்த்துத் தூக்கியபடி. சிக்னல் கோடு முழுசாக நிற்கும். ஒரு மெயில் நகராது. மேஜைக் கணினியில் தண்டர்பேர்ட் போன்ற ஒரு மெயில் மென்பொருள் இருந்தால் அந்த நேரத்திலும் பதில் எழுதிக்கொண்டே இருக்கலாம், தெரியுமா? எழுதி முடித்ததும் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்தியபடி எண்டரைத் தட்டுங்கள். கடிதம் ‘அவுட்பாக்ஸ்’ என்ற அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி கூட்டம் கலைந்து லைன் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடலாம். பழைய கடிதங்களையும் இணையம் இல்லாமலே தேடிப் படிக்கலாம்.

★

பிரவுசரில் மெயில் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியும். உண்மையில் இதுதான் பழைய பழக்கம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது முதல் நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. குறைந்த கட்டணத்தில் கிடைத்தது ‘ஷெல்’ கணக்கு: படம் கிடையாது, வெறும் எழுத்து. அதில் மெயில் படிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் எழுதிய ‘பைன்’ என்ற நிரலைத்தான் பலரும் பயன்படுத்தினார்கள். மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை. லைனில் இருந்தபடியே படித்தால் போன் பில் ஓடிக்கொண்டே இருக்குமே! அதனால் லைனைப் போடு, கடிதத்தை இறக்கு, லைனை வெட்டு, அப்புறம் நிதானமாகப் படி என்பதுதான் அன்றைய மேஜைக் கணினி மென்பொருள்களின் நடைமுறை.

★

மேஜைக் கணினி மெயில் மென்பொருள்களில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ‘யூடோரா’வுக்கு ஒரு சிறுகதை எழுத்தாளரின் பெயர். 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அதை எழுதிய ஸ்டீவ் டார்னர், நாள் முழுக்கக் கடிதங்களோடு மல்லுக்கட்டியதில் தபால் ஆபீசிலேயே குடியிருப்பதுபோல உணர்ந்தாராம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தபால் ஆபீசுக்கே குடிபோய்விடும் பெண்ணைப் பற்றி யூடோரா வெல்ட்டி ஒரு கதை எழுதியிருந்தார். அந்தப் பெயரையே வைத்துவிட்டார் டார்னர். நம் ஊரில் யாராவது ஒரு மென்பொருளுக்கு ‘புதுமைப்பித்தன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களா, சொல்லுங்கள்!

★

இன்று இலவசமாகக் கிடைப்பவற்றில் என் ஓட்டு தண்டர்பேர்டுக்குத்தான். மொசில்லா அதன் 1.0 பதிப்பை வெளியிட்டது 2004 டிசம்பர் 7-இல். விண்டோஸோடு கூடவே வந்துகொண்டிருந்த ‘மெயில்’ செயலிக்கு மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு முழுக்குப் போட்டுவிட்டது.

★

கணக்கை அமைக்கும்போது பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு மூன்றும் கொடுத்தால் போதும். பிரபலமான சேவைகளாக இருந்தால் மீதி விவரங்களை மொசில்லா வைத்திருக்கும் பட்டியலிலிருந்து தண்டர்பேர்டே எடுத்துப் போட்டுக்கொள்ளும். சொந்த டொமைன் என்றால்தான் கையால் நிரப்ப வேண்டிவரும். பலரும் வழிதவறுவது அங்கேதான்.

நம்ம திருவண்ணாமலைக் கோயிலுக்குக் கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். மெயிலுக்கும் முக்கியமான வாசல் நான்குதான். கடிதம் உள்ளே வர 993 (ஐமேப்), 995 (பாப்). வெளியே போக 465, 587. இவற்றை ‘போர்ட்’ என்பார்கள். 465-க்கு எதிரே ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’ என்றும் 587-க்கு எதிரே ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ என்றும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் ‘அனுப்புகிறது’ என்று காட்டிக்கொண்டே நிற்கும், போகாது. “மெயில் வருது சார், ஆனா போக மாட்டேங்குது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். பழைய 110, 143, 25 வாசல்களில் பூட்டுப் போடாமல் விட்டால் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டில் எழுதியதுபோல ஊர் பார்க்கப் போகும்.

★

“பாஸ்வேர்டு சரியாத்தான் போட்டேன், ஏத்துக்கலையே?” ஜிமெயில்காரர்களின் நிரந்தரப் புலம்பல். வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு வெளி மென்பொருளை உள்ளே விடும் வழக்கத்தைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்த ஆரம்பித்தது. இப்போது ‘ஓஆத்2’ முறை. ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், கூகுளின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி கொடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய மென்பொருள் என்றால், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்துகொண்ட ‘ஆப் பாஸ்வேர்டு’ வாங்கிப் போட வேண்டும்.

★

செங்கம் ரோட்டில் தங்கும் விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர் ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார். “தம்பி, என் மெயிலையெல்லாம் எவனோ திருடிட்டான்!” வெளிநாட்டு விருந்தாளிகள் மாசக்கணக்கில் முன்கூட்டியே எழுதி அறை கேட்பார்கள். அத்தனையும் போனிலிருந்து மாயம். போய்ப் பார்த்தேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், மேலே துண்டு போர்த்திய கணினி. திறந்தால் நாலாயிரத்துச் சொச்சம் கடிதமும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. “அண்ணே, திருடு போகல. எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு.”

நடந்தது இதுதான். கணக்கை அமைத்துக் கொடுத்த பையன் ‘பாப்’ முறையைத் தேர்ந்தெடுத்து, ‘சர்வரில் விட்டுவை’ என்ற டிக்கை எடுத்துவிட்டிருக்கிறான். பாப் என்பது தபால் ஆபீசுக்குப் போய்ப் பையோடு கடிதத்தை வாங்கி வருவதுபோல. எடுத்துவந்த பிறகு அங்கே எதுவும் இருக்காது. ‘ஐமேப்’ அப்படியில்லை. கடிதம் சர்வரிலேயே இருக்கும். போன், கணினி, டேப்லெட் எதில் பார்த்தாலும் ஒரே காட்சி. 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வகுத்த முறை அது.

பழைய பாப் கணக்கை நீக்கிவிடாமலே பக்கத்தில் ஐமேப் கணக்கைச் சேர்த்தேன். பழைய கடிதங்களை மூட்டை மூட்டையாகப் பிடித்து இழுத்துப் புதிய கணக்கின் ஃபோல்டரில் விட்டேன். அவை மறுபடி சர்வருக்கு ஏறிவிடும். ஏறி முடிக்க ராத்திரி பத்தாகிவிட்டது. அண்ணன் வீட்டுக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் அன்று என் கூலி.

★

ஐமேப் மட்டும் உத்தமம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். போனில் பேரப்பிள்ளை விளையாட்டாக அழித்தது கடைக் கணினியிலும் போயே போய்விடும். முக்கியமானதைத் தண்டர்பேர்டின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்குள் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். இன்னொன்று: இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் இப்போதைய விதி.

★

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய 16 வயது வேங்கடராமன் எழுதிவைத்த சீட்டில் கையெழுத்து கிடையாது. ‘நான்’ என்று ஆரம்பிக்கும் சீட்டு நடுவில் ‘இது’ என்று மாறி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோட்டோடு முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. மின்னஞ்சல் உலகிலும் கையெழுத்துக்கு முன்னால் கோடுதான் அடையாளம்: இரண்டு சிறு கோடு, ஒரு இடைவெளி. அதைக் கண்டதும் ‘இதற்குக் கீழே இருப்பது கடிதமில்லை, கையெழுத்து’ என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். பதில் எழுதும்போது அந்தப் பகுதியை வெட்டிவிடும். தண்டர்பேர்ட் அந்தக் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. கீழே பெயர், ஊர், போன் நம்பர் என மூன்று வரி போதும். கம்பெனி சின்னம், சுற்றுச்சூழல் வாசகம், ரோஜாப்பூ எல்லாம் வேண்டாமே!

★

ரமணாசிரமத்துக்கென்றே தனி அஞ்சலகம் உண்டு, பின்கோடு 606603. ரமணர் காலத்தில் ஆசிரமத்துக்கு வந்த கடிதங்கள் அவர் பார்வைக்குப் போகும். அலுவலகத்தில் எழுதிய பதிலும் அவரிடம் காட்டித் திருத்திய பிறகே தபாலில் சேரும். ‘டிராஃப்ட்ஸ்’ ஃபோல்டர் என்பது இதற்குத்தான். கோபத்தில் எழுதிய பதிலை அதில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள்.

★

‘சிசி’ என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விரலில் மை ஒட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘பிசிசி’யில் போட்டால் யாருக்கெல்லாம் போனது என்பது பெறுபவருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையை இருநூறு பேருக்கு அனுப்பும்போது இதில் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் சொந்தபந்தத்தின் முகவரியெல்லாம் ஊருக்கே அம்பலம்.

★

@ குறியை டேனிஷ் மொழியில் ‘தும்பிக்கை அ’ என்கிறார்கள். 2018-இல் மறைந்த நம்ம கோயில் யானை ருக்குவை நினைத்துக்கொண்டு அந்தக் குறியை ஒருமுறை பாருங்கள். இத்தாலிக்காரர்களுக்கு அது நத்தை. 1971-இல் ரே டாம்லின்சன் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க இதைத் தேர்ந்தெடுத்தார். அவர் சோதித்துப் பார்த்த இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன!

★

‘இமெயிலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர்’ என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிவா அய்யாதுரை, 1978-இல் 14 வயதில், நியூ ஜெர்சி மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு கடிதப் போக்குவரத்து நிரலை எழுதினார். அதற்கு ‘இமெயில்’ என்றே பெயர் வைத்து 1982-இல் பதிப்புரிமையும் வாங்கினார். அது நிஜம், அந்த வயதுக்குப் பெரிய காரியமும்தான். ஆனால் பதிப்புரிமை அவர் எழுதிய நிரலுக்கு, கண்டுபிடிப்புக்கு அல்ல. பெறுநர், நகல், பொருள், தேதி என்ற தலைப்பு வரிகளின் இலக்கணத்தை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டைச் சேர்ந்தவர்கள் 1977 நவம்பரிலேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

★

‘பொருள்’ வரியில் ‘திருவண்ணாமலை’ என்று எழுதுகிறீர்கள். நம் கணக்குக்கு ஏழு எழுத்து. யூனிகோடு கணக்குக்குப் பன்னிரண்டு குறி, ஏனென்றால் கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வீதம் 36 பைட். மெயிலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்தை மட்டுமே தாங்கும்படி பிறந்தவை. அதனால் அந்த 36 பைட்டும் ‘பேஸ்64’ என்ற முறையில் 48 ஆங்கில எழுத்து, எண்களாக மாறிப் பயணம் செய்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி தமிழாகும். கண்ட்ரோலையும் யூ-வையும் அழுத்திக் கடிதத்தின் மூலத்தைப் பாருங்கள். தமிழ்த் தலைப்பு இப்படி மாறியிருந்தால் ஒவ்வொரு குறியும் 4 என்ற எண்ணோடும் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தோடும் தொடங்கும். எனக்குப் பழகிப்போய், தூரத்திலிருந்து பார்த்தாலே ‘தமிழ்க் கடிதம்’ என்று தெரிந்துவிடுகிறது.

2000-களின் தொடக்கத்தில் வந்த டிஸ்கி, டேப் எழுத்துருக் கடிதங்கள் இன்று கிறுக்கலாகத் தெரிந்தால் கடிதம் கெட்டுப்போகவில்லை. அன்றைய எழுத்துருதான் இல்லை. அழித்துவிடாதீர்கள்.

★

அதே மூலப் பக்கத்தில் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் இருக்கும். கடிதம் கடந்து வந்த ஒவ்வொரு தபால் ஆபீசும் குத்திய முத்திரை அது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். +0530 என்று இருந்தால் இந்திய நேரம்.

★

கிரிவலப் படங்களை அனுப்புகிறீர்களா? ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் வரம்பை ஒட்டிய இணைப்பு சில இடங்களில் திரும்பி வந்துவிடலாம், ஏன்? முன்னே சொன்ன அதே பேஸ்64 மாற்றத்தில் கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிடும். 18 எம்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

★

எரிதத்துக்கு (ஸ்பேம்தான்!) வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1978 மே 3 அன்று ஒரு கணினிக் கம்பெனிக்காரர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். தண்டர்பேர்டின் எரித வடிகட்டி உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. குப்பையைக் குப்பை என்று குறிப்பதோடு, தவறாகப் பிடித்த நல்ல கடிதத்தை ‘குப்பையில்லை’ என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பின்னதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

★

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் 2025-இல் ஜோஹோவுக்கு மாறியது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் அதே கம்பெனி. ஜோஹோ கணக்கைத் தண்டர்பேர்டில் சேர்ப்பதற்கு முன் அதன் அமைப்புகளில் ஐமேப்பை இயக்க வேண்டும். சொந்த டொமைனுக்கான இலவசத் திட்டத்தில் அந்த வசதி கிடையாது, பிரவுசரில் மட்டும்தான்.

★

கடிதத்தை அழித்தாலும் வட்டில் இடம் குறையவில்லையா? தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் கடிதங்களை எல்லாம் ஒரே கோப்பாகத் தைத்து வைத்திருக்கும். அழித்ததை அடித்துக் கோடு போடுமே தவிர, தாளைக் கிழிக்காது. ஃபோல்டர் மேல் வலது க்ளிக் செய்து ‘காம்பாக்ட்’ கொடுத்தால் உடனே கிழியும்.

★

மொத்தத் தபால்பெட்டியையும் நகலெடுக்க ஒரே ஒரு ஃபோல்டர் போதும். அதன் பெயர் ‘புரொஃபைல்’. உதவி மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ போனால் அதைத் திறக்கும் பட்டன் இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு நகலெடுங்கள். திறந்தபடி எடுத்தால் அரைகுறையாக வரும். பாஸ்வேர்டுகளும் அதற்குள்ளேயே இருப்பதால் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. செங்கம் ரோட்டு அண்ணன் மாசம் ஒருமுறை, பௌர்ணமிக் கூட்டம் போன மறுநாள், பென்டிரைவில் எடுத்து பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு மேலே வைத்துவிடுகிறார். பென்டிரைவைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி.