வெயிலைக் கணக்குப் பார்த்து எரியும் விளக்குகள்

புதுடில்லி, ஜோர்பாக்கில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்காகக் கட்டப்பட்ட இந்திரா பர்யாவரண் பவனை 2014 பிப்ரவரி 25-ம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். கூரையில் 930 கிலோவாட் சூரியத் தகடுகள். ஆண்டுத் தேவையான சுமார் 14 லட்சம் யூனிட்டையும் கட்டிடமே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வரவுக்குள் செலவு, குமாஸ்தா குடும்பம் மாதிரிதான்!

ஆகவே விளக்குக்குச் சதுர மீட்டருக்கு 5 வாட்தான் ஒதுக்கீடு. 2007-ம் ஆண்டு கட்டிட எரிசக்தி விதி அலுவலகங்களுக்கு 10.8 வாட் வரை அனுமதித்திருந்தது. பகல் வெளிச்சம் போதுமா என்று சென்சார்கள் அளந்து விளக்குகளுக்குச் சொல்கின்றன.

இத்தகைய கட்டிடங்களில் ஜன்னலோர வரிசை ஒரு பிரிவு, உள்வரிசை வேறு பிரிவு. 'டாலி' என்ற முறையில் இரண்டே கம்பிகளில் 64 விளக்குகள் வரை இணைத்து, ஒவ்வொன்றுக்கும் டெலிபோன் போல ஓர் எண் தரலாம். மேஜைகள் இடம் மாறினால் சுவரை உடைத்து ஒயர் இழுக்க வேண்டாம். எண்ணை வேறு பிரிவில் சேர்த்தால் போதும்.

ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார்தான் சற்றுத் தொல்லை. அசையாமல் பைல் படிப்பவரை 'ஆள் இல்லை' என்று எண்ணி விளக்கை அணைத்துவிடும்! அணைக்கும் நேரத்தை நீட்டி வைப்பதே பரிகாரம்.

டில்லியின் ஜனவரி மூடுபனிக்குத்தான் பரிகாரம் இல்லை. விளக்கு அதிகம் வேண்டிய அந்த நாட்களில்தான் சூரிய மின்சாரமும் குறைகிறது.