அகக்காழ் உள்ள மரம்

ஆலயஞ் செல்வோர் கொடிமரத்தின் அடியில் வீழ்ந்து வணங்குகின்றனர். எழுந்து அதன் உச்சியையும் நோக்குகின்றனர். செப்புத் தகட்டின் உள்ளே நிற்பது ஒரு மரம் என்பதை நினைப்பவர் சிலரே. நானும் நெடுங்காலம் அதனை நினைத்ததில்லை.

வலிகாமம் வடக்கிலுள்ள எங்கள் ஊரார் 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தனர். பல ஆண்டுகளின் பின் காணிகள் விடப்பட்டு நாங்கள் திரும்பியபோது, கோயிற் கொடிமரம் தகடிழந்து, வெடித்து, அடி உளுத்து நின்றது. புதிதாக ஒன்று நாட்டவேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்திருந்தோம். எதனால் நாட்டுவது என்பதிலேதான் பிணக்கு எழுந்தது. சீமெந்துத் தூண் வார்த்துத் தகடு போர்த்தினாற் செலவுங் குறையும், காலமும் மிஞ்சும் என்று கூட்டத்திற் பேசியவன் நானே. இலண்டன் கியூ பூங்காவில் 1959ஆம் ஆண்டு நாட்டப்பட்ட 225 அடி உயர ஒற்றைமரக் கொடிக்கம்பம், உளுத்தும் மரங்கொத்திகளால் துளைபட்டும் 2007இல் இறக்கப்பட்டதை உதாரணமாகவும் காட்டினேன்.

எழுபது வயது கடந்த ஆசாரியார் ஒருவர் ஓரத்தில் இருந்தார்.

"வாத்தியார் ஐயா, காழ் எண்டு ஏதோ படிப்பிச்சனீங்களாம்; என்ரை பேரன் சொன்னவன். அது என்னெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

புறத்தே வைரமுள்ளதைப் புல் என்றும், அகத்தே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கின்றது. அதனால் நம் பனையும் தென்னையும் புல்லினமே என்று விளக்கினேன்.

"அப்ப சீமெந்துத் தூண் எதுக்குள்ளை?"

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "கடற்காத்துப் பட்டால் உள்ளுக்கிருக்கிற கம்பி கறள் பிடிச்சுப் பருக்கும், தூண் வெடிக்கும். நீங்கள் சொன்ன அந்தக் கம்பம், பராமரிப்பு எப்பிடியோ, நாப்பத்தெட்டு வருசம் நிண்டிருக்கு" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

தேக்கு வாங்கப்பட்டது. பாடசாலை விட்டதும் அவருடைய பட்டறைக்குச் செல்வது எனக்கு வழக்கமாயிற்று. பொந்தும் முறுக்கும் இல்லாத நெடுமரம் அது. முதலில் வெளிறு முழுவதும் செதுக்கி அகற்றப்பட்டது. பூச்சி விரும்பித் தின்பது அதனையே. எஞ்சிய வைரம் சதுரமாயிற்று. சதுரத்தின் ஒவ்வொரு முகத்தையும் 24 கூறாக்கி, இரு ஓரங்களிலும் 7 கூறு விட்டு, நடுவில் 10 கூறு நிற்கக் கோடிட்டு மூலைகளைச் சீவினால் எண்கோணம் வரும். எண்கோணம் பதினாறு பட்டையாகிப் பின் உருளையாகும். கப்பலுக்குப் பாய்மரம் செய்வோரும் இவ்வாறே செய்வர். கொடிமரத்தின் அடியிற் சதுரம் பிரமபாகம், அதன்மேல் எண்கோணம் விஷ்ணுபாகம், உருளை உருத்திரபாகம் என்பது வழக்கு. தச்சனுடைய உளி செல்லும் ஒழுங்கே தத்துவத்தின் ஒழுங்காகவும் இருத்தலைக் கண்டு வியந்தேன்.

அடுத்தது எண்ணெய் ஊட்டுதல். மரத்தின் நுண்டுளைகளில் நீர் புகுந்தால் மரம் பருக்கும். நீர் வெளியேறினாற் சுருங்கும். இவை மாறிமாறி நிகழ வெடிப்பு உண்டாகும். ஈரந் தங்கிய இடத்தில் உளுப்புத் தொடங்கும். எண்ணெய், நீர் புகும் வழியை முன்னரே அடைத்துக்கொள்கின்றது. கேரளத்தில் மரத்தைத் தோணி போன்ற தொட்டியிற் கிடத்தி, மூலிகை எண்ணெயில் மாதக்கணக்காக ஊறவைப்பர். இங்கு ஆசாரியார் நாள்தோறும் நல்லெண்ணெயைத் துணியால் ஊட்டினார். "ஆறுதலாத்தான் குடிக்கும். அவசரப்படுத்த ஏலாது" என்றார்.

கொடியேற்ற நாளில், தில்லையில் ஏறாது நின்ற கொடி உமாபதி சிவாசாரியார் கொடிக்கவி பாட ஏறிற்று என்ற வரலாற்றை எண்ணியபடி நின்றேன். எல்லாருடைய கண்களும் உச்சியிற் பதிந்திருந்தன. ஆசாரியார் மட்டும் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரிக்கு முதல் உந்தத் தகட்டுப் பொருத்தைப் பாருங்கோ, வாத்தியார். வருசா வருசம் பாக்கவேணும். என்ரை பெடியள் வெளிநாட்டிலை, நீங்கள்தான் பாக்கவேணும்."

சென்ற ஐப்பசியில் அவர் இல்லை. அவருடைய பேரனையும் வகுப்பு மாணவர் இருவரையும் அழைத்துச் சென்று பொருத்துகளைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை.