அடிக்கடி பியூஸ் போகும் ஹெட்லைட்

மீன் ஏற்றும் வேனோ, தை அறுவடைக்கு இரவிலும் ஓடும் டிராக்டரோ, ஹெட்லைட் அணைந்துவிட்டால் பழி முதலில் பல்பின் மேல்தான் விழுகிறது. புதிது வாங்கி மாட்டுவார்கள். சில வாரங்களில் அதுவும் போனால் வேறு கம்பெனி பல்பைத் தேடுவார்கள். இரண்டாவது பல்பை வாங்குமுன் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்ப்பதே சரி. 12 வோல்ட் வண்டி என்று சொன்னாலும், இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அதற்கு மேல் ஏறாமல் காப்பது ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர். அது பழுதானால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 15, 16 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஓரிரு வோல்ட்தானே என்று நினைக்கத் தோன்றும். ஹாலஜன் பல்பின் டங்ஸ்டன் இழைக்கு அது பெரிய சுமை. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். 13.2 வோல்ட்டில் சோதிக்கப்படும் பல்பு 15 வோல்ட்டில் எரிந்தால், ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெளிச்சமோ சுமார் ஒன்றரை மடங்காகும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கோளாறு வந்த நாட்களில் விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிவதால், ஓட்டுபவருக்குச் சந்தேகமே வருவதில்லை. இருட்டான கடற்கரைச் சாலையில் வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். அந்த வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கடைசியில் இரண்டு பல்புகளும் அடுத்தடுத்துப் போய், நடுவழியில் வண்டி இருளில் நிற்கும்.

பூம்புகார் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. உப்புக்காற்றில் எர்த் இணைப்புகளும் கனெக்டர்களும் பச்சை பூத்து அரிக்கின்றன. அரிப்பு ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரில் இருந்தால் விளக்கு மங்கும். இது எல்லோரும் அறிந்தது. அதே அரிப்பு, ரெகுலேட்டர் வோல்டேஜை உணரும் ஒயரிலோ அதன் எர்த்திலோ இருந்தால் கதையே வேறு. உள்ளதைவிடக் குறைவான அளவு அதற்குத் தெரியும். பேட்டரிக்குப் போதவில்லை என்று ஆல்டர்னேட்டரை மேலும் தூண்டிவிடும். அதனால் ரெகுலேட்டரையே மாற்றுமுன் இந்த இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பார்ப்பது மலிவான வழி.

மட்டமான பல்பும் மேடுபள்ளச் சாலையும் இழையை அறுக்காதா என்றால், அறுக்கும்தான். ஆனால் அப்படிப் போவது பெரும்பாலும் ஒரு பல்பு. இரண்டும் சேர்ந்து போவது, கண்ணாடி கறுத்திருப்பது, பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் வற்றுவது ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் ஓவர்சார்ஜ்தான். எல்.இ.டி. போட்டால் தொல்லை தீரும் என்பதையும் முழுதாக ஏற்க முடியாது. அதற்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றினால், பாதுகாப்பு இல்லாத வண்டியில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 80, 100 வோல்ட் வரைகூட எகிறும். ஸ்டார்ட் ஆகாத காருக்கு 24 வோல்ட் லாரியிலிருந்து கேபிள் கொடுப்பதும் இதே கேட்டைச் செய்யும்; விளக்கோடு நிற்காமல் இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அது பழுதாக்கக்கூடும். அப்படி உதவி வேண்டுமென்றால் இன்னொரு 12 வோல்ட் வண்டியைத்தான் தேட வேண்டும்.