தலைக்குள் பன்னிரண்டு பாதைகள் – 11: செவுளைத் தூக்கிய நரம்பு

ஆறாவது நரம்பு சென்ற வாரத்தோடு முடிந்தது. கண்ணை வெளிப்பக்கம் திருப்ப ஒரே ஒரு தசை, அதற்கென்று ஒரு நரம்பு. அவ்வளவு நினைவிருந்தால் போதும். இந்த வாரம் ஏழாவது, முக நரம்பு. வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் முகவாதத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் இந்த நரம்பு மூளையிலிருந்து கிளம்பி முகத்துக்கு வந்து சேரும் வழியைப் பிடித்துக்கொண்டு போனேன். போனவன் காதுக்குள்ளேயே நின்றுவிட்டேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் முகத்தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின் இழைகள் அங்கிருந்து நேராக வெளியே வந்துவிடலாம். வருவதில்லை. பின்பக்கமாகப் போய், ஆறாவது நரம்பின் அணுக்கூட்டத்தை வளைத்துக்கொண்டு, அதன் பிறகே முன்னால் திரும்பி வெளியேறுகின்றன. எதற்கு இந்த வீண் சுற்று? கருவில் இந்த நரம்பணுக்கள் பிறக்கும் இடம் ஒன்று, கடைசியில் குடியேறும் இடம் வேறு. இடம் மாறும்போது இழையையும் கூடவே நீட்டிக்கொண்டு போகின்றன. அவை நடந்து போன தடம்தான் அந்த வளைவு.

மூளைத்தண்டை விட்டதும், கேட்கும் நரம்பான எட்டாவதோடு சேர்ந்து காதெலும்புக்குள் நுழைகிறது. அங்கே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு எலும்புக் குடைவு. ஒரு நரம்புக்கு எலும்புக்குள்ளேயே இது மிக நீண்ட பயணம். இந்தக் குடைவை 1561இல் வெனிஸில் அச்சான தன் புத்தகத்தில் விவரித்தவர் இத்தாலியரான கப்ரியேலே ஃபலோப்பியோ. கருக்குழாய்க்குத் தன் பெயரைத் தந்தவரும் அவரே. மறு ஆண்டே இறந்துபோனார், நாற்பது வயதைக்கூடத் தொடவில்லை. குடைவிலிருந்து நரம்பு காதுக்குக் கீழே வெளிப்பட்டு, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து கிளைகளாகப் பிரிந்து, நெற்றி முதல் கழுத்து வரை விரிகிறது.

சிரிக்கவும் முகம் சுளிக்கவும் ஆன நரம்புக்குக் காதுக்குள் என்ன வேலை? பான்ஸிலிருந்து கன்னத்துக்கு வர எத்தனையோ வழி இருக்க, இந்தக் கரடுமுரடான எலும்பு வழியை ஏன் பிடித்தது?

விடை மீனிடம் இருக்கிறது. சந்தையில் மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? மீன் உயிரோடு இருந்தபோது அந்த மூடியைத் தூக்கிய தசைக்கும் இறக்கிய தசைக்கும் ஆணை கொண்டுபோனது இதே ஏழாவது நரம்பு. மீனின் முகத்தில் இந்த நரம்பு எதையும் காட்டுவதில்லை. அது மூச்சு விட உதவும் நரம்பு.

நம் கருவிலும் நான்காவது வாரத்தில் கழுத்துப் பகுதியில் வரிசையாக வளைவுகள் எழுகின்றன. செவுள் நமக்கு ஒருநாளும் வருவதில்லை. ஆனால் மீனில் செவுளைத் தாங்குகிற வளைவுகளின் அதே வரிசை அது. இரண்டாவது வளைவுக்கு உரிய நரம்பு ஏழாவது. அந்த வளைவிலிருந்து எது உருவானாலும், எங்கே போய் ஒட்டினாலும், இந்த நரம்புதான் அதை ஆளும். மீனில் தாடையையும் செவுள் மூடியையும் மண்டையோட்டோடு பிணைக்கும் பெரிய எலும்பு ஒன்று உண்டு. பல மீன்களில் ஏழாவது நரம்பின் கிளை அந்த எலும்பைத் துளைத்துக்கொண்டே போகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்த எலும்பு சுருங்கிச் சுருங்கி, நம் நடுச்செவியில் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள அங்கவடி எலும்பாகிவிட்டது. உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அதைப் பிடித்து இழுக்கும் மிகச் சிறிய எலும்புத்தசைக்கும் ஆணை ஏழாவதிடமிருந்துதான். பெரிய சத்தம் கேட்டால் அந்தத் தசை சுருங்கி எலும்பின் ஆட்டத்தை அடக்குகிறது. நாம் வாய்விட்டுப் பேசும்போதும் அப்படியே. முகவாதம் வந்த சிலர் தட்டு வைக்கும் ஓசையைக்கூடத் தாங்க முடியவில்லை என்று சொல்வது இதனால்தான்.

நடுச்செவியின் மற்ற இரண்டு எலும்புகளான சுத்தியும் பட்டடையும் முதல் வளைவைச் சேர்ந்தவை. ஊர்வனவற்றில் அவை தாடை மூட்டு. பன்றிக் கருக்களை ஆராய்ந்து இந்த உறவை 1837இல் எழுதியவர் ஜெர்மானியரான ரைஹெர்ட். டார்வினின் நூல் வர அப்போது இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. ஆகவே நரம்பு காதைத் தேடிப் போகவில்லை. அது பழைய வழியிலேயே இருந்தது. தாடையும் செவுளும் உருமாறி அதைச் சுற்றிக் காதாக அமைந்தன.

முகத்துக்கு அது வந்தது பாலூட்டிகளில்தான். கழுத்தைச் சுற்றியிருந்த தசைப் படலம் மெல்ல மேலேறி உதடு, கன்னம், இமை, நெற்றி என்று பரவியது. நரம்பும் கூடவே ஏறியது. பல்லிக்கும் காகத்துக்கும் இந்தத் தசைகள் இல்லை. அவற்றின் முகத்தில் கோபத்தையோ மகிழ்ச்சியையோ நாம் படிக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இன்னொன்று. ஏழாவது நரம்பிலிருந்து மெல்லிய கிளை ஒன்று பிரிந்து, செவிப்பறையை ஒட்டி, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே, நடுச்செவியின் காற்றுவெளியைக் குறுக்கே கடந்து போகிறது. அது நாக்குக்குப் போகும் கிளை. நாக்கின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்கில் நாம் உணரும் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. இன்று காலை குடித்த காப்பியின் கசப்பு என் செவிப்பறைக்குப் பின்னால் கடந்து போயிருக்கிறது! உமிழ்நீர் சுரக்கச் சொல்லும் இழைகளும் அதிலேயே எதிர்த்திசையில் வருகின்றன.

காது அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு இந்தக் கிளை நன்றாகத் தெரிந்த இடைஞ்சல். அதை ஒதுக்கும்போது இழுபடும், சில நேரம் அறுந்தும் போகும். பிறகு நோயாளி, காது சரியாகிவிட்டது, நாக்கில் ஏன் இரும்பை நக்கியதுபோல இருக்கிறது என்று கேட்பார். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது.

ஸ்வீடனின் யுங்வே சோட்டர்மனும் கூட்டாளிகளும் இந்த இடைஞ்சலையே வாய்ப்பாக்கிக்கொண்டார்கள். அங்கவடி எலும்பு இறுகிக் காது மந்தமானவர்களுக்கு அறுவை நடக்கும்போது இந்தக் கிளை கண்முன்னே திறந்து கிடக்கும். அதில் மின்வாய் வைத்து, நாக்கில் சர்க்கரைக் கரைசலையும் சிட்ரிக் அமிலத்தையும் ஊற்றி, நரம்பில் எழும் துடிப்பைப் பதிந்தார்கள். அதே நோயாளிகள், அதே கரைசல்கள் எவ்வளவு இனித்தன, எவ்வளவு புளித்தன என்று அறுவைக்கு முன்பே மதிப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் கரைசலின் செறிவு கூடக் கூட நரம்பின் துடிப்பும் நாக்கு சொன்ன அளவும் ஒன்றாகவே ஏறின. 1967இல் வெளியான ஆய்வு இது. ஒரு மனிதர் 'இனிக்கிறது' என்று சொல்லும் அந்தரங்கமான அனுபவத்தை, போகிற வழியில் காதுக்குள் நின்று அளந்திருக்கிறார்கள். இதைவிட அழகான சோதனை ஒன்றை இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் நான் பார்க்கவில்லை.

இடம் முடிகிறது. முகவாதம், அதற்குப் பெயர் தந்த சார்லஸ் பெல், எலும்புக் குடைவின் மிகக் குறுகலான இடத்தில் வீங்கிய நரம்பு நெரிபடும் விதம், சோறு சாப்பிடும்போது கண்ணீர் வடிகிற விசித்திரம் எல்லாம் அடுத்த வாரம்.

ஒன்றை மட்டும் ஒத்திவைக்க மனம் வரவில்லை. திடீரென்று முகம் ஒரு பக்கம் தொங்கிப்போனால், நெற்றிக்கான ஆணை மூளையின் இரு பாதியிலிருந்தும் வருவது நினைவில் இருக்கட்டும். அதனால் நெற்றியின் இரு பக்கமும் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் கோளாறு மூளையில் இருக்கலாம். கை வலுவிழந்தாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் நரம்பிலேயே கோளாறு என்று மருத்துவர் சந்தேகிப்பார். அதற்கான ஸ்டீராய்டு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டுக்குமே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; பக்கவாதம் என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.